கையால் கட்டிய தூண்டில் ராடு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைச் சரிசெய்வது எப்படி

பிளாங்க் (ராடின் வெறும் கார்பன் தண்டு) பார்த்து வாங்கி, கைடு (லைன் ஓடும் வளையம்) இடைவெளியை அளந்து, கைடைப் பிடிக்கும் நூலை முடிச்சுத் தெரியாமல் சுற்றி முடித்தவர்களையும், கடைசியில் ரெசினும் ஹார்டனரும் கலந்து அந்த நூலின் மேல் பூசும் எப்பாக்ஸி காலை வாரிவிடும். சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் வேறு சேர்ந்துகொள்கிறது. அதனால் இங்கே பூச்சுக் கோளாறுகளுக்குத்தான் அதிக இடம். மற்றவை பின்னால் வருகின்றன.

உங்கள் ராடில் தெரியும் அறிகுறிக்குரிய பகுதியை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், பிரித்துத் திரும்பக் கட்டவேண்டிய நிலை கடைசியில் இருக்கும். காரணம் தெரியும்வரை பிளேடைக் கையில் எடுக்காதீர்கள். பூச்சில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இன்னொரு பூச்சோடு தீர்ந்துவிடும்.

பூச்சு காயவில்லை, விரல் ஒட்டுகிறது

கண்ணில் அதிகம் படாத ஒரு சுற்றின் ஓரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள்.

நகம் பதியவில்லை, மேலே மட்டும் மெழுகு தடவியது போல வழுக்குகிறதா? இது காயாத பூச்சு இல்லை, ஈரத்தால் வந்த படலம். கீழே "பூச்சு வெள்ளையாக மங்கிவிட்டது" பகுதிக்குப் போங்கள்.

எல்லாச் சுற்றிலும் ஒரே மாதிரி பதிகிறதா? ஒரு நாள்கூட ஆகவில்லை என்றால் பொறுங்கள். ஏசி அறையில் வைத்திருந்தால் குளிரில் காய்வது மெதுவாகத்தான் நடக்கும். ஏசியை நிறுத்திவிட்டு, உலர்ந்த கதகதப்பான இடத்தில் இன்னும் 2 நாள் விடுங்கள். அதற்குப் பிறகும் நகம் பதிந்தால் அளவு தவறியிருக்கிறது.

சில இடத்தில் கெட்டி, சில இடத்தில் பிசுபிசுப்பு என்றால் அளவு சரி, கலக்கியதுதான் போதவில்லை. கப்பின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டியிருந்த ரெசின் கலக்காமலே பிரஷில் வந்திருக்கும். 3 முதல் 5 நிமிடம், ஓரத்தை வழித்து வழித்து மெதுவாகக் கலக்க வேண்டும்.

அளவு எங்கே தவறுகிறது? ராடுப் பூச்சு எப்பாக்ஸிகள் பெரும்பாலும் கன அளவில் 1:1 கலவை. இரண்டிலும் 1 மி.லி. மட்டும் எடுத்தால், சிரிஞ்சில் 0.2 மி.லி. பிசகினாலே ஐந்தில் ஒரு பங்கு தவறு. 3 மி.லி. எடுத்தால் அதே பிசகு பதினைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மீந்து வீணானாலும் பரவாயில்லை, 3 மி.லி.க்குக் குறைத்து எடுக்காதீர்கள். சிரிஞ்சின் உள்ளே காற்றுக் குமிழி நிற்கிறதா என்றும் பாருங்கள். ரெசின் சிரிஞ்சு, ஹார்டனர் சிரிஞ்சு இரண்டிலும் மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள். மாறிப்போனால் பாட்டிலே கெட்டுவிடும்.

படகு ஃபைபர் வேலை பார்த்துவிட்டு இதற்கு வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பாலியெஸ்டர் ரெசினில் ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும். எப்பாக்ஸியில் கூட்டினாலும் குறைத்தாலும் சரியாக இறுகாது. கலவை ஓடவில்லை என்று தின்னரோ ஆல்கஹாலோ தாராளமாக ஊற்றியிருந்தாலும் இதே கதிதான்.

தீர்வு: லேசான பிசுபிசுப்பு என்றால், சரியாக அளந்து கலந்த மெல்லிய பூச்சு ஒன்றை மேலே கொடுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். ரப்பர் மாதிரி அமுங்கினால் மேலே எதைப் பூசியும் பயனில்லை, உரித்துவிட வேண்டியதுதான்.

உரிப்பது இப்படி. ஹீட் கன் அல்லது ஹேர் டிரையரால் கைடு காலை, அதாவது நூலுக்கு அடியில் இருக்கும் கைடின் உலோகப் பாதத்தை, சூடாக்குங்கள். கை பொறுக்காத சூடு பிளாங்கில் ஏறுவதற்குள் நிறுத்திவிடுங்கள், கார்பனைப் பிணைத்திருப்பதும் ரெசின்தான். பிளேடைப் படுக்கையாகப் பிடித்து, கைடு காலின் உலோகத்துக்கு மேலேயே சீவுங்கள். அடியில் உலோகம் இருக்கும் இடத்தில் மட்டும்தான் பிளேடு ஓட வேண்டும். நூல் அறுந்ததும் கைடு கழன்று வரும், மீதியை நகத்தால் சுருள் சுருளாக உரித்துவிடலாம். பிளாங்கில் பிளேடு போட்ட ஒரு கீறல், பெரிய மீன் மாட்டும் அன்றைக்கு அங்கேயே முறிந்து பதில் சொல்லும்.

பூச்சு விலகி வட்ட வட்டமாகக் குழி விழுகிறது

பூசியதும் நன்றாக இருக்கும். சில நிமிடத்தில் ஒரு புள்ளியிலிருந்து எப்பாக்ஸி ஒதுங்கி, நூல் தெரிகிற மாதிரி குழி விழும். பிரஷால் தள்ளினால் மூடிக்கொள்வது போலிருக்கும், திரும்ப விலகும். அங்கே எண்ணெயோ சிலிக்கோனோ இருக்கிறது. இனி தேட வேண்டியது அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும்தான்.

கை: சாப்பிட்ட கை, தலைமுடி கோதிய கை, ரீலுக்கு எண்ணெய் போட்ட கை. சுற்றும்போது நூலில் பட்டால் போதும். கடைசியாக நூலை அழுத்தித் தேய்த்து நேராக்கும் வேலைக்கு முன்பாவது சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சிரிஞ்சு: மருந்துக்கடைச் சிரிஞ்சில் கருப்பு ரப்பர் தலை வழுக்கிப் போவதற்குச் சிலிக்கோன் தடவியிருப்பார்கள். அது நேராகக் கலவைக்குள் வந்துவிடும். ரப்பர் இல்லாமல், உள்தண்டும் முழுக்கப் பிளாஸ்டிக்காக இருக்கும் சிரிஞ்சுகள் கிடைக்கின்றன. ராடு வேலைக்கு அவைதான் வேண்டும்.

துடைத்த ஸ்பிரிட்: பலர் சந்தேகப்படாத இடம் இதுதான். மருந்துக்கடையில் சர்ஜிகல் ஸ்பிரிட் என்று கேட்டு வாங்கினால் அதில் ஆமணக்கு எண்ணெய் சேர்ந்திருக்கலாம். தோல் வறளாமல் இருப்பதற்காகச் சேர்ப்பது அது. நீங்கள் பிளாங்கைச் சுத்தம் செய்வதாக நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருப்பீர்கள். லேபிளைப் படியுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மட்டும் உள்ளதாக வாங்குங்கள். ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுக் காயவிட்டால் பிசுக்கு ஏதும் மிஞ்சக் கூடாது.

காற்று: பக்கத்து அறையில் கொசு மருந்தோ, பைக்குக்குச் சிலிக்கோன் ஸ்பிரேயோ அடித்திருந்தாலும் வந்து படியும்.

தீர்வு: ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால், முழுப் பூச்சையும் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தெடுத்துவிட்டு மறுநாள் பூசலாம். காய்ந்துவிட்டால் குழியின் ஓரத்தை 400 அல்லது 600 எண் உப்புத்தாளால், நூலைத் தொடாமல், லேசாகத் தேய்த்து, துடைத்து, அந்தக் குழியில் மட்டும் சொட்டு வைத்து நிரப்புங்கள். அது இறுகியதும் மேலே முழுப் பூச்சு.

காற்றுக் குமிழி

கலக்கும்போது அடித்துக் கலக்கினீர்களா, பிரஷைக் கப்பில் குத்திக் குத்தி எடுத்தீர்களா என்று முதலில் யோசியுங்கள். கலந்ததும் அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றினால் குமிழி தானாக மேலே வந்து உடையும். கோடைச் சூட்டில் கலவை சீக்கிரம் கெட்டியாவதையும் இது தள்ளிப்போடும்.

கலவை சுத்தமாக இருந்தும், பூசிய பிறகு ஒரே இடத்திலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தால், கைடு காலின் இரு பக்கமும் நூலுக்கு அடியில் இருக்கும் சின்னச் சுரங்கத்திலிருந்து காற்று வெளியேறுகிறது. முதல் பூச்சை மெல்லியதாகக் கொடுத்து, அந்தச் சுரங்கத்தின் வாயில் பிரஷ் நுனியால் ஒரு சொட்டு வைத்து, உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை பாருங்கள். இந்த நிமிடங்களில் அவசரப்பட்டால், பின்னாளில் கைடு காலை ஒட்டி வெள்ளைக் கோடாகத் தெரிவது இந்தக் காற்றுதான்.

மேலே நிற்கும் குமிழிக்கு ஆல்கஹால் விளக்கின் சுடரைச் சுற்றின் கீழே ஒரு விநாடி காட்டி எடுத்தால் போதும். மெழுகுவத்தி வேண்டாம், கரி படியும். ஹேர் டிரையரும் வேண்டாம், தூசியை வாரி இறைக்கும். ஆல்கஹால் பாட்டிலை முதலில் மூடித் தள்ளி வைத்துவிட்டுத்தான் தீக்குச்சியை உரச வேண்டும்.

காய்ந்த பிறகு தெரிந்த குமிழியை ஊசியால் திறந்து, நிரப்பி, மேலே ஒரு பூச்சு கொடுக்கலாம்.

பூச்சு வெள்ளையாக மங்கிவிட்டது

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார்தான் அதிகம். ஈரத் துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள்.

துடைத்ததும் போய்விட்டது: மேற்பரப்பில் படிந்த படலம். இறுகும்போது ஹார்டனர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து இதை உண்டாக்குகிறது. தண்ணீரில் கரையும். ஆல்கஹாலால் துடைத்தால் சரியாகப் போகாது, இழுபடும். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டு, மென்மையான ஸ்பாஞ்சால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். கழுவாமல் அடுத்த பூச்சைக் கொடுத்தால் அது ஒட்டாது, பிற்பாடு தோலாக உரிந்து வரும்.

துடைத்தும் உள்ளே பால் கலந்த மாதிரி இருக்கிறது: ஈரம் பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நூலின் நிறம் மாறாமல் இருக்கக் கலர் பிரிசர்வர் தடவியிருந்தால் அதுதான் முதல் குற்றவாளி. அது தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் திரவம். மேலே காய்ந்த மாதிரி தெரியும், நூலுக்கு அடியில் ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் ஒரு முழு நாளுக்குக் குறைத்து எப்பாக்ஸி பூசாதீர்கள். மங்கல் வந்த பிறகு மேலிருந்து செய்ய ஒன்றுமில்லை. கண்ணை உறுத்தாவிட்டால் அப்படியே மீன் பிடியுங்கள், பலம் குறைந்துவிடாது. உறுத்தினால் அந்தச் சுற்றை மட்டும் உரித்துத் திரும்பக் கட்டுங்கள்.

பிரிசர்வர் தடவவே இல்லை, ஆனாலும் மங்கல்: ராடை ஏசி அறையிலிருந்து எடுத்துவந்து பால்கனியில் பூசினீர்களா? சில்லென்ற பிளாங்க் வெளிக்காற்றைத் தொட்டதும், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலில் வியர்ப்பதுபோல அதிலும் வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலே போதும். எந்த அறையில் பூசுகிறீர்களோ அங்கேயே முந்தைய இரவிலிருந்து ராடும் நூலும் எப்பாக்ஸியும் இருக்க வேண்டும்.

ரெசின் பாட்டிலே மங்கலாக, அடியில் சீனிக் கற்கண்டு மாதிரி படிந்திருந்தால் கெட்டுவிட்டது என்று வீசாதீர்கள், உறைந்திருக்கிறது. மூடியை இறுக்கி, சுடுதண்ணீரில் வைத்துத் தெளிந்ததும் அறைச் சூட்டுக்கு ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஒரு பக்கம் தொங்கி வீங்கிவிட்டது

மின்தடை ஏற்பட்டு மோட்டார் நின்றதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டுச் சுழற்றும் மோட்டாரை வைத்துச் சுழலி செய்துகொள்பவர்கள் அதிகம். நிமிடத்துக்கு 5 சுற்றுப் போகும், வேகம் போதும். ஆனால் இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டுக்கொள்ளுங்கள். நின்றுவிட்டால் கையால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அரைச்சுற்றுத் திருப்பிக்கொண்டே இருந்து காப்பாற்றிவிடலாம். பூச்சு ஓடாத அளவுக்குக் கெட்டியாகும்வரைதான் ஆபத்து.

மோட்டார் ஓடியும் நடுவில் தடித்து இரு முனையிலும் மெலிந்திருந்தால் ஒரே பூச்சில் அதிகம் ஏற்றியிருக்கிறீர்கள். பிரஷில் எப்பாக்ஸி இல்லாமல், சுற்றின் அடிப்பக்கத்தில் சேர்ந்து தொங்கும் துளியை முதல் கால் மணி நேரத்துக்குள் உறிஞ்சி எடுத்திருந்தால் போதும். இறுகிய பிறகு மேட்டை மட்டும் தாளால் தேய்த்துச் சமமாக்கி மெல்லிய பூச்சு கொடுங்கள். நூலின் பஞ்சு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

நூலின் நிறம் மாறிவிட்டது, திட்டுத்திட்டாக இருக்கிறது

சாதாரண நைலான் நூல் எப்பாக்ஸி குடித்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அடியிலிருக்கும் பிளாங்கின் நிறம் மேலே வரும். வெள்ளை நூல் காணாமலே போகும். இது கோளாறு இல்லை. கட்டும் முன் ஒரு பழைய பிளாங்கில் பத்துச் சுற்றுச் சுற்றி ஆல்கஹாலால் நனைத்துப் பாருங்கள், பூசிய பிறகு வரும் நிறம் ஏறத்தாழ தெரிந்துவிடும். நிறம் மாறக் கூடாது என்றால் பிரிசர்வர் தேவைப்படாத என்.சி.பி. நூல் வாங்குங்கள்.

திட்டுத்திட்டாக இருந்தால் பிரிசர்வர் சில இடத்தில் உள்ளே இறங்கவில்லை. அங்கே மட்டும் எப்பாக்ஸி புகுந்துவிட்டது. திருத்த வழியில்லை, உரித்துக் கட்ட வேண்டும்.

அலங்காரச் சுற்று கோணலாகப் போகிறது

செவ்ரான் (V வடிவ வரி), வைரக் கட்டம் எல்லாவற்றிலும் நூல்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் புள்ளி பிளாங்கின் மேல்கோட்டிலும் நேர் பின்கோட்டிலும் விழ வேண்டும். முன்பக்கம் அழகாக வந்து பின்பக்கம் நழுவினால், பின்கோட்டைக் கண்ணால் குறித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு காகிதப் பட்டையைப் பிளாங்கைச் சுற்றி வைத்து, சரியாக ஒரு சுற்றுக்கு வெட்டி, இரண்டாக மடியுங்கள். மடிப்பு விழும் இடம்தான் பின்கோடு. கைப்பிடிப் பக்கம் ஒரு முறை, மேல்முனைப் பக்கம் ஒரு முறை இப்படி எடுத்து, இரண்டையும் மாஸ்கிங் டேப்பால் இணைத்துவிடுங்கள். பிளாங்க் மேலே போகப் போக மெலிவதால், புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரே தூரம் வைத்தால் கட்டங்கள் மேலே நீண்டு இழுத்தாற்போல இருக்கும்.

நூல்களுக்கு நடுவில் பிளாங்க் தெரிந்தால், பூசும் முன் பேனா மூடி போன்ற வழவழப்பான எதையாவது வைத்து அழுத்தித் தேய்த்து நெருக்குங்கள். பெயர் எழுதிய மை பூச்சில் கரைந்து ஓடினால் அது மார்க்கர் மை. அக்ரிலிக் மையில் எழுதிக் காயவைத்துப் பூசுங்கள். எப்பாக்ஸியில் நிறமி கலந்து பளிங்கு வேலை செய்யும்போது எல்லா நிறமும் சேர்ந்து சேறாகிவிட்டால், கலவை நன்றாகத் தடிப்பதற்கு முன்பே அவசரப்பட்டு இழுத்துவிட்டீர்கள்.

வீசும்போது "டிக்" என்று சத்தம்

சத்தம் கையில் தெரிகிறதா, நடுவில் கேட்கிறதா, மேலே கேட்கிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மேலே கேட்டால்: நுனி வளையத்தை விரலால் திருகிப் பாருங்கள். அசைந்தால், ஹாட் கிளூ குச்சியை உருக்கி ஒட்டியிருந்தது விட்டிருக்கும். லேசாகச் சூடாக்கிக் கழற்றி, புதிதாக ஒட்டிவிடலாம். இங்கே எப்பாக்ஸி போடாதீர்கள், அடுத்த முறை கழற்றும்போது பிளாங்க் நுனியும் சேர்ந்து வரும்.

நடுவில் கேட்டால்: இரண்டு துண்டும் சேரும் இணைப்பு தேய்ந்திருக்கும். ஆண் பகுதியில் வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்த்துப் பாருங்கள், பல ராடுகளுக்கு அதுவே போதும். கிரீஸ் வேண்டாம். மெழுகு போட்டும் ஆடினால், அல்லது இணைப்பின் வாயில் முடிபோல விரிசல் தெரிந்தால், இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கையில் தெரிந்தால் ரீலைப் பொருத்தும் ரீல் சீட்தான். பிளாங்குக்கும் சீட்டுக்கும் இடையில் மாஸ்கிங் டேப் சுற்றி இடைவெளியை நிரப்பும்போது, டேப் வளையங்களுக்கு நடுவே போதிய எப்பாக்ஸி போகவில்லை. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி டேப்பை ஊறவைத்திருக்கும். ஆட்டம் சிறிதாக இருந்தால் சீட்டின் உடம்பில் 2 மில்லிமீட்டர் துளை போட்டுச் சிரிஞ்சால் எப்பாக்ஸி ஏற்றும் வழக்கம் உண்டு. கார்பனில் துளை படாமல் நிறுத்தத் துணிவிருந்தால் மட்டும் செய்யுங்கள். சீட் முழுதாகச் சுழல்கிறது என்றால் கைப்பிடியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், நிபுணர் வேலை.

கைடு கால் நுனியில் பூச்சு வெடிக்கிறது

மெல்லிய வளையக் கோடாக விரிசல் விட்டால் பெரும்பாலும் அழகுக்குறைதான். பிளாங்க் வளைகிறது, இரும்புக் கால் வளையாது, நடுவில் பூச்சு வெடிக்கிறது. தேய்த்து ஒரு பூச்சு கொடுங்கள். அதே கைடு திரும்பத் திரும்ப வெடித்தால் கால் நுனியைக் கத்தி முனை போல மெலிதாக அரைக்காமல் கட்டியிருக்கிறீர்கள். பிரித்து, நுனியை அரைத்து, அடிப்பக்கப் பிசிறை வழித்துக் கட்டுங்கள். அந்தப் பிசிறு பிளாங்கை அறுத்துக்கொண்டிருந்தால் விரிசல் நாளைக்குப் பூச்சோடு நிற்காது. வஞ்சிரம், பாறை மீன்களுக்குப் போகும் கனமான ராடு என்றால் அடிச்சுற்று ஒன்று போட்டு அதன்மேல் கைடைக் கட்டுங்கள்.

லைன் பிசிறுகிறது

ஒவ்வொரு கைடு வளையத்துக்குள்ளும் பஞ்சை நுழைத்துத் துடையுங்கள். பஞ்சு சிக்கினால் பீங்கான் வளையம் கீறியிருக்கிறது. ஒட்ட முடியாது, அந்தக் கைடை மாற்ற வேண்டும்.

பஞ்சு எங்கும் சிக்கவில்லை என்றால் லைனைக் கைடுகளில் கோத்து, நுனியில் எடை தொங்கவிட்டு ராடை வளையுங்கள். ஸ்பின்னிங் ராடில் கைடுகள் அடியில் இருப்பதால் இந்தச் சோதனை தேவையில்லை. கைடு மேலே வரும் காஸ்டிங் ராடில் மட்டும் இரண்டு கைடுக்கு நடுவில் லைன் பிளாங்கைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் ஒரு கைடு கூட வேண்டும்.

மீன் இழுக்கும்போது ராடு கையில் திரும்புகிறது

கைடுகள் மேலே இருக்கும் காஸ்டிங், ஜிக்கிங் ராடுகளில் இது இயல்பு. இழுவை மேலிருந்து கீழே உருளப் பார்க்கும். பிளாங்கின் முதுகெலும்பை (மற்ற பக்கங்களைவிட விறைப்பான பக்கத்தை) சரியாகப் பிடிக்கவில்லை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை, முதுகெலும்பை எப்படி வைத்தாலும் மேலே இருக்கும் கைடு கீழே வரத்தான் பார்க்கும். ரீலுக்கு அடுத்த கைடுகளைப் படிப்படியாகப் பக்கவாட்டில் திருப்பி, மிச்சத்தை அடிப்பக்கம் கொண்டுபோகும் சுழல் அமைப்பில் திரும்பக் கட்டினால் தீரும். கைடுகள் அத்தனையும் பிரிக்க வேண்டிய வேலை என்பதால் அடுத்த ராடுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பிளாங்கே விரிசல் விட்டது

விரலால் பிடித்து லேசாக வளைக்கும்போது நொறுங்கும் சத்தம் கேட்டாலோ, பஞ்சு பிளாங்கில் சிக்கினாலோ அந்த ராடில் இனி லைன் போடாதீர்கள். வளைந்து நிற்கும் கார்பன் முறிந்தால் சில்லு முகத்துக்கு வரும்.

முறிந்தது நுனியிலிருந்து சில அங்குலத்துக்குள் என்றால், சிதைந்த பகுதியை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, அந்த விட்டத்துக்குப் பொருந்தும் நுனி வளையம் ஒட்டினால் வேலை முடிந்தது. ராடு கொஞ்சம் விறைப்பாகும், அவ்வளவுதான். அறுக்கும்போது முகமூடி போடுங்கள், கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

நடுவில் முறிந்தால் உள்ளே ஒரு குழல் சொருகி, வெளியே நூல் சுற்றி இணைக்கும் வேலை இருக்கிறது. குழலின் சரிவு பிளாங்கின் சரிவோடு பொருந்த வேண்டும், கையில் பல பழைய பிளாங்குகள் வைத்திருப்பவரால்தான் முடியும். அவரிடம் கொடுக்கும்போது இரண்டு துண்டையும் அப்படியே கொடுங்கள். சிலும்பை வெட்டிச் சமன்செய்யாதீர்கள், எவ்வளவு நீளம் போயிருக்கிறது என்று அவர் அதை வைத்துத்தான் அளப்பார்.